அண்டாத் தண்ணீரும் நாலு டயரும்

டயர்க் கடைக்காரர் எங்கள் பிக்கப் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் டயரைச் செருப்புக் காலால் லேசாக உதைத்தார். பின் டயரில் ஓடியிருந்த வெடிப்புக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "விக்கவா சாமி, ஓட்டவா?" என்று கேட்டார்.

டயர் வாங்க வந்தவர்களிடம் இப்படியும் ஒரு கேள்வி உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விற்கப்போகிற வண்டிக்கு ரீட்ரேடு போதுமாம். தேய்ந்துபோன டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி, கறுப்புப் பாலிஷ் அடித்துவிட்டால் வாங்க வருகிறவன் கண்ணுக்குப் புத்தம்புதுசாகத் தெரியும். பெண் பார்க்க வருகிற நாளில் முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி. ஓட்டப்போகிற வண்டி என்றால் அந்த வேலை நடக்காது. கொஞ்சம் கையைக் கடிக்கத்தான் செய்யும்.

"விக்கத்தான்," என்றார் என் கணவர். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, கடைக்காரரையும் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் பேசி முடிவெடுத்த விஷயம்தான். நானும் சரி என்று தலையாட்டினவள்தான். ஆனால் வீட்டில் பேசுவது வேறு, ரப்பர் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைக் கேட்பது வேறு.

நாங்கள் கரமனையில், ஆற்றை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், என் வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கம். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது இந்த மலையாள ஊரில்தான் என்றாலும், சாம்பாருக்குத் தேங்காய் அரைத்து விடுவதா வேண்டாமா என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. அடுப்படி என் பொறுப்பு. சாமான் வாங்குவது, ஏற்றுவது, கொண்டுபோய் இறக்குவதெல்லாம் அவர் பொறுப்பு. முதலில் வாடகை டெம்போவைத்தான் நம்பியிருந்தோம். முகூர்த்த நாளில் டெம்போக்காரன் வருவானா மாட்டானா என்று வாசலைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போகும். மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், இனிமேல் இது தாங்காது என்று என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். இந்த பிக்கப் வந்தது.

வந்ததும் புதுத் தொல்லை ஒன்று ஆரம்பித்தது. புது வண்டி, புது டயர், இரண்டும் கல் மாதிரி. வீட்டில் செய்த சாம்பாரை அண்டாவோடு ஏற்றிக்கொண்டு கிழக்கேகோட்டை மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வண்டியின் தரையில் ஓடும். மூடியைத் துணியால் கட்டிப் பார்த்தோம். அண்டாவுக்கு அடியில் சாக்கை மடித்து வைத்துப் பார்த்தோம். கடைசியில் நானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி, அண்டாவைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். மடிசார் கட்டிக்கொண்டு ஒரு மாமி சாம்பார் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பின்னால் இருந்து கத்தினால் முன்னால் ஓட்டுகிறவருக்குக் கேட்காது. ஆகவே கரண்டிக் காம்பால் கேபின் கண்ணாடியில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் போகலாம். பஸ்ஸில் இரண்டு மணி அடித்தால் வண்டி கிளம்பும், எங்கள் வண்டியில் நிற்கும். வீட்டில் நான் சொன்ன எதையும் ஒரு தடவையில் காதில் வாங்கி அறியாத மனிதர், கண்ணாடியில் தட்டினால் மட்டும் அந்த க்ஷணமே கேட்பார். அந்த சுகத்துக்காகவே நான் பின்னால் ஏறத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒருநாள் நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு விசேஷம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் மகள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தாள், அதனால் நான் காலிப் பாத்திரங்களோடு பின்னால். மழை பெய்து விட்டிருந்தது. ரப்பர்த் தோட்டத்து வாசனையும் கவிழ்த்து வைத்த உருளியின் நெய் வாசனையும் சேர்ந்து அடித்தன. மனசுக்கு என்னவோ நிறைவாக இருந்தது. நான் கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினேன். வண்டி நின்றது. அவர் இறங்கி ஓடி வந்தார்.

"என்னாச்சு? கையை நசுக்கிண்டியா?"

"ஒண்ணும் ஆகல்லே. கேக்கறதான்னு பாத்தேன்."

"கேக்காம பின்னே? நான் என்ன செவிடாக்கும்னு நெனச்சியா? வளைவிலே வண்டியைப் போட்டுட்டு வரேன், உனக்கு விளையாட்டு." கரமனைப் பாலம் வருகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கிய பிறகுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் பாதிக் காபி சட்டையில் கொட்டிவிட்டது.

முதல் டயர்கள் தேய்ந்து அடுத்தது வாங்கியபோது வீட்டுக்கென்று ஒரு சடங்கு உண்டாயிற்று. புது டயருக்கு எல்லோரையும் போல நாங்களும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அதற்குப் பிறகு சாம்பார் அண்டாவை வண்டியில் ஏற்றி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடாமல் வைத்து, கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரை ஒரு நடை போய்வருவோம். நான் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் புடவை எவ்வளவு நனைகிறது என்பதுதான் டயருக்கு மார்க். ஊரில் மற்றவர்கள் டயர் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்ப்பார்கள். நாங்கள் சாம்பார் சிந்துமா என்று பார்ப்போம். இதனால் ஒரு தடவை பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது அவருடைய கண் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணில் அழுத்தம் கூடிப்போய், பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. நேரே பார்த்தால் எழுத்துக்கூடத் தெரியும். ஓரத்தில் வருவது தெரியாது. டாக்டர் மருந்தைக் கொடுத்து, இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொன்னார். வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் பேச்சை எடுக்கும்போது இவர் நைசாக வெளியே போய்விட்டார். பிறகு ஒருநாள் காலையில் சாலைச் சந்தைக்குக் காய்கறி எடுக்கப் போனவர் சீக்கிரமே திரும்பி வந்தார். வண்டிச் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். இடப்பக்கம் வந்த ஸ்கூட்டரைக் கடைசிவரை பார்க்கவேயில்லையாம். ஸ்கூட்டர்காரன் ஒடித்துத் தப்பித்து, நல்ல மலையாளத்தில் நாலு வார்த்தை வைதுவிட்டுப் போயிருக்கிறான். "அவன் வைதது நியாயம்தான். இனிமே நான் ஓட்டப்போறதில்லே," என்றார்.

வண்டி வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஓடாத வண்டிக்கு டயர்தான் முதலில் போகும் என்பார்கள், அப்படியே ஆயிற்று. ரப்பர் வெடித்து, ஒரு பின் டயர் அடியில் தட்டையாகிவிட்டது. அதற்கு முன்னால் வேறு டிரைவரை வைத்தும் பார்த்திருந்தோம். ஒருவன் வளைவுகளில் பறந்தான், ஒருவன் முகூர்த்த நாளில் போனை அணைத்துவிட்டான். பழைய டெம்போக் கதை திரும்பவும் வந்துவிட்டது. சின்னச் சின்ன ஆர்டர்களாகக் குறைத்துக்கொண்டோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "போறும்மா, வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் நிம்மதியா இருங்கோ," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வண்டி போனால் தொழிலும் போய்விடும். தொழில் போனால் இந்த மனிதர் காலை எழுந்தது முதல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தச் சில மாதங்களில் அப்படித்தான் உட்கார ஆரம்பித்திருந்தார். எனக்கு அதுதான் பயம். வண்டி போவதில்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

ஆகவே டயர்க் கடையில் அவர் "விக்கத்தான்" என்று சொன்னதும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"ஓட்டத்தான்," என்றேன்.

கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓட்டவா? யாரு ஓட்டப் போறா மாமி?"

"நான்தான்."

இது ஒன்றும் வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. மகள் டிரைவிங் பழகப் போனபோது துணைக்குப் போன நானும் சும்மா உட்காருவானேன் என்று சேர்ந்தேன். முதல் டெஸ்டில் மகள் தேறவில்லை, நான் தேறினேன். அதை அவள் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவள் விட்டுவிட்டுப் போன சின்னக் காரை ஓட்டிக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறேன். மண்டபத்து மைதானத்தில் பிக்கப்பைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ரோட்டில் ஓட்ட மட்டும் அவர் விட்டதில்லை. விடச் சொல்லி நானும் கேட்டதில்லை, ஏனென்றால் என் இடம் பின்னால், அண்டாவுக்குப் பக்கத்தில்.

"என்ன பேசறே நீ?" என்றார் அவர். "அது காராக்கும்னு நெனச்சியா? சுமை ஏத்தினா பின்பக்கம் இழுக்கும். பிரேக் போட்டா நிக்காது."

"நிக்கற மாதிரி டயர் போட்டா நிக்கும். அதுக்குத்தானே வந்திருக்கோம்."

அவர் மறுபடியும் காலண்டரைப் பார்த்தார். கடைக்காரருக்குக் குடும்பச் சண்டையில் இருந்து வியாபாரத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசரம். உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "மாமி ஓட்டுததுன்னா ஒங்களுக்கு லேசா இருக்கணும் பாத்துக்கிடுங்க. இது கார் டயரு. இதே ரிம்முக்குச் சேரும். வெலையும் கம்மி. மெத்துமெத்துன்னு போவும்."

"வேண்டாம்," என்றோம். இரண்டு பேரும், ஒரே மூச்சில். அந்தக் கடைக்குள் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இந்த கார் டயர்தான். இரண்டாவது தடவை டயர் மாற்றியபோது இவர் இதைத்தான் வாங்கினார். விலை குறைவு, மெத்தென்று இருந்தது. அண்டாத் தண்ணீர்ப் பரீட்சையில் ஒரு சொட்டு சிந்தவில்லை, என் புடவை ஓரம்கூட நனையவில்லை. இவர் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தார். பரீட்சை வைத்தது தண்ணீருக்குத்தானே தவிர சுமைக்கு இல்லை என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. அடுத்த மாதமே கல்லாற்றுக்கு மேலே, மலைப்பக்கம் ஒரு கல்யாண வீடு. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், உருளிகள், வேலையாட்கள், வீட்டிலேயே காய்ச்சி எடுத்த பால் பாயசம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

கல்லாறு நெருங்கும்போது பாயசத்தைப் பார்த்தேன். ஆடவில்லை, அலையடிக்கவில்லை, ஆனால் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது. ரோடு சமமாக இருந்த இடத்திலும் சாய்ந்தேதான் நின்றது. எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பாயசம் பாத்திரத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பது தெரியும். இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் ஓரம் கட்டி, இறங்கிக் குனிந்து பார்ப்பதற்குள் பின் டயர் பெருஞ்சத்தத்தோடு போயிற்று. பக்கவாட்டில் ரப்பர் வயிறு மாதிரித் தள்ளியிருந்திருக்கிறது. சுமை தாங்காத டயர். பக்கத்தில் பள்ளம், அதற்குக் கீழே ஆறு.

கல்யாண வீட்டு ஜீப் வந்து பாதிச் சாமானை இறக்கிக்கொண்டு போகிறவரை அந்த ஓரத்திலேயே இருந்தோம். பெட்டிக்கடைக்காரி டீ போட்டுக் கொடுத்தாள். ஆட்கள் எல்லாம் ஆற்றில் இறங்கிக் குளிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டோம். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி. "நீ தட்டாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. பாயசம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதற்கப்புறம் டயர் வாங்கும்போது முதலில் சுமை, அப்புறம்தான் சாம்பார் என்று ஆயிற்று.

கடையில் அன்றைக்கு "வேண்டாம்" என்று சேர்ந்து சொன்ன பிறகு இவர் காலண்டரை விட்டுத் திரும்பினார். "கார் டயரெல்லாம் எங்ககிட்டே காட்டாதேயும். சுமை வண்டிக்குள்ளதை எடும்," என்றார். கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி. விலையைக் கேட்டதுமே இவர் அதைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டார். இன்னொன்று அதே கம்பெனிதான், விலை பாதிக்குப் பாதி குறைவு. இவர் குனிந்து, கண்ணால் பார்க்காமல் விரலால் ஓரத்தைத் தடவினார். "இதிலே வருஷம் போட்டிருக்கும், வாசி," என்று என்னிடம் சொன்னார். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உட்கார்ந்து, பொடி எழுத்தைத் தேடி வாசித்தேன். பழைய சரக்கு. அலமாரியிலேயே வயசாகிப் போன டயர்.

"இதை விக்கற வண்டிக்குப் போடும்," என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சாமி, நீங்கதான விக்கன்னு சொன்னிய?"

இவர் அதைக் காதில் வாங்காத மாதிரி மூன்றாவது டயரின் பக்கம் போனார். கேள்விப்படாத கம்பெனி. இந்த வருஷத்துச் சரக்கு. வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்த சுமை எண்ணும் டயரில் இருந்த எண்ணும் ஒன்றா என்று நான் போய்ப் போய் வாசித்துச் சொன்னேன். டயரின் மேல் மேடுமேடாக இருக்கும் பட்டன்களுக்கு நடுவில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஆழம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். பக்கச் சுவரை அமுக்கிப் பார்த்தார். விலை ரீட்ரேடைவிடக் கூட, பெரிய கம்பெனியைவிட எவ்வளவோ குறைவு. பிறகு பேரம் ஆரம்பித்தது. மாதக்கணக்கில் வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், அந்தக் கடையில் பேசிய பேச்சை நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பேரம் எந்த விலையில் முடிந்தாலும் சரி, அவர் பேசிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது. பழையதில் சுமாராக இருந்த ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்வது என்று முடிந்தது.

ஆனாலும் நான் ஓட்டுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் காற்றடித்து வண்டியைக் கடைக்கு ஓட்டிப் போன கடைப் பையன்தான் டயர் மாட்டிய பிறகும் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான். அவரும் நானும் சின்னக் காரில் பின்னால் வந்தோம். வழி முழுக்க அவர் முன்னால் போகிற பிக்கப்பின் டயர்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை நான் கோலம் போட்டு முடிப்பதற்குள் பின்கட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. சாம்பார் அண்டாவை இழுத்துக்கொண்டு வந்தார். பிடி பிடி என்றார், இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் வைத்தோம். ஹோஸைப் போட்டுக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினார். டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கு எப்போதும்போல் பின்பக்கம் ஏறக் கால் போயிற்று.

"அங்கே எங்கே போறே?" என்றார். "முன்னாடி போ."

அவர் என் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, கியர் போடு, பிரேக் போடு என்று பிராணனை வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து காத்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கையில் என் கரண்டி.

கிளம்பினேன். பாலத்தைத் தாண்டும்போது எதிரே வந்த பஸ் என் மேலேயே வருவது போல இருந்தது. ஸ்டியரிங் கனம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது டயர் ரோட்டை நன்றாகப் பிடித்தது. பின்னால் இருந்து சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் இவர் இப்படித்தான் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினாரா என்று அப்போதுதான் புரிந்தது. கிள்ளிப்பாலத்தில் ஒரு குழி வந்தது. ஒரு தட்டுக் கேட்டது. மெதுவாக்கினேன்.

கிழக்கேகோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தட்டு. ஓரத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து பின்பக்கம் ஓடினேன். அண்டாவில் தண்ணீர் கழுத்துவரை அப்படியே நின்றது. சாயவில்லை. அவர் வேட்டியும் நனையவில்லை. நான் நின்ற பக்கம் அவருக்குத் தெரியாது, முகத்தை முழுசாகத் திருப்பித்தான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல்லே. கேக்கறதான்னு பாத்தேன்."

வாய் நிறைய வைய வேண்டும் என்றுதான் திறந்தேன். வரவில்லை. கண்ணை நிறைத்துவிட்டது. "நன்னாக் கேக்கறது," என்று மட்டும் சொன்னேன்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. நான் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் மூன்று தட்டு. வண்டியை எடுத்தேன்.